நீலப் புகையும் வால்வு சீலும்

வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கும் மோட்டார் வண்டியின் அடியில் குனிந்து பார்க்கிறோம். தரை காய்ந்து கிடக்கிறது. எண்ணெய்த் துளி ஒன்றையும் காணோம். ஆயினும் எண்ணெய் அளக்கும் கோலை உருவிப் பார்த்தால், இரண்டு மாதங்களுக்கு முன்பு மேற்கோட்டைத் தொட்டு நின்ற எண்ணெய் இப்பொழுது கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருக்கிறது. வெளியே சிந்தாத எண்ணெய் போவதற்குப் பெரும்பாலும் ஒரே வழிதான் உண்டு. எஞ்சினுக்குள்ளேயே எரிந்து, புகையாகிச் சைலன்சர் குழாய் வழியே அது வெளியேறியிருக்க வேண்டும்.

வடநாட்டுப் பட்டறைகளில் இதைக் குறிக்க ஒரு வழக்கு உண்டு. எஞ்சின் எண்ணெய்க்கு அங்கே 'மோபில்' என்றே பெயர். 'காடி மோபில் கா ரஹீ ஹை', அதாவது வண்டி எண்ணெயைத் தின்கிறது என்பார்கள். கொல்கத்தாவிலும் அதே சொல்தான். 'காச்சே' என்று முடிப்பார்கள், அவ்வளவே. இதுவரை சரி. ஆனால் அதைத் தொடர்ந்து இன்னொரு வாக்கியம் வரும். 'இஞ்ஜன் கோல்னா படேகா', எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்பது. இந்த இரண்டாவது வாக்கியம் சில சமயம் உண்மை, பல சமயம் அவசரம். பிறமொழி வழங்கும் ஊரில் வாழும் நம்மவர் பலர் கடைத்தெரு இந்தி நன்றாகப் பேசுவார்கள். எஞ்சினைப் பற்றி வாதாடும் அளவுக்கு இந்தி வராது. தலையை அசைத்துவிட்டுப் பணத்துக்கு அலைகிறார்கள். அவர்களுக்காகவே இவ்விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல எண்ணுகிறேன்.

மும்பையில் சயான் பக்கம் குடியிருக்கும் நெல்லைச் சீமை அன்பர் ஒருவர் எனக்குப் பழக்கமானவர். கடன் வாங்கி ஒரு பெட்ரோல் காரை வாங்கி, மும்பைக்கும் புணேக்கும் இடையே வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் நடத்துபவர். வண்டி ஏறத்தாழ 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஒரு நாள் அதன் பின்னால் நீலப் புகை கிளம்புவதை ஒரு பயணியே அவருக்குச் சுட்டிக் காட்டினார். பட்டறை ஒன்றுக்கு ஓட்டிச் சென்றார். அங்கிருந்தவர் எஞ்சினை ஓடவிட்டார், ஓசையைக் கேட்டார், சைலன்சர் வாயில் விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தார், 'ஃபுல் எஞ்சின்' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பிஸ்டன், ரிங், போரிங், கூலி எல்லாம் சேர்த்து அறுபதினாயிரம் ரூபாய், பத்து நாள் வேலை. அந்தப் பத்து நாளும் வண்டிக்கு வருமானம் கிடையாது என்பது வேறு. மனைவியின் சங்கிலியை அடகு வைப்பதென்று முடிவு செய்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

நான் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி. எவ்வளவு புகை வருகிறது என்பதன்று. எப்பொழுது வருகிறது என்பதே அக்கேள்வி. அவர் சற்று யோசித்துவிட்டு, 'புணேக்குக் காட் ஏறும்போது ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி. திரும்பி வரும்போது கண்டாலா இறக்கம் இறங்கி முடிச்சு ஆக்ஸிலரேட்டரை மிதிச்சாத்தான் பின்னால ஒரு கொத்துப் புகை. அப்புறம் காலையில ஸ்டார்ட் பண்ணும்போது கொஞ்சம்' என்றார். ஏறும்போது இல்லை, இறங்கும்போதுதான் என்ற அந்தப் பதிலில் பாதி விடை கிடைத்துவிட்டது. அது எவ்வாறு என்பதை அறிய, எஞ்சினின் மேல் மாடிக்கு நாம் செல்ல வேண்டும்.

சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் புகுவதற்கு ஒரு வாயில், எரிந்த புகை வெளியேற மற்றொரு வாயில். இவ்வாயில்களைத் திறந்து மூடும் கதவுகளே வால்வுகள். வடிவத்தில் வால்வு ஒரு காளானைக் கவிழ்த்தாற்போல் இருக்கும். கீழே தட்டையான குடை, மேலே நீண்ட காம்பு. அக்காம்பு ஓர் உலோகக் குழலுக்குள் மேலும் கீழுமாக ஓடும். அக்குழலைத் தொழிலாளர் 'கைடு' என்பர். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் 1500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை, திறந்து மூடுகிறது. அவ்வளவு விரைவில் ஓடும் காம்புக்கும் கைடுக்கும் இடையே உள்ள இடைவெளி, பொதுவாக ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால் இரண்டு முதல் ஆறு கூறு வரைதான். மனிதரின் தலைமயிர் அதைவிடத் தடிமனானது.

இனி, இவ்வால்வுகளை இயக்கும் உறுப்புகள் அனைத்தும் டேப்பெட் கவருக்கு அடியில் எண்ணெயிலேயே குளித்துக்கொண்டிருப்பவை. அந்த எண்ணெய் காம்பின் வழியாக இடைவெளிக்குள் இறங்கிவிட்டால் நேரே சிலிண்டருக்குப் போய்ச் சேரும். அதைத் தடுக்கவே கைடின் தலையில் ஒரு சிறு ரப்பர்த் தொப்பி மாட்டப்பட்டிருக்கிறது. அதுதான் வால்வு சீல். சுண்டுவிரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் அளவுதான் இருக்கும். அதன் உதடு காம்பைச் சுற்றிக் கவ்வியிருக்கும். பலவற்றில் அந்த உதட்டின்மேல் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்றும் இறுக்கிப் பிடித்திருக்கும். எண்ணெயை முற்றிலும் தடுப்பது இதன் வேலையன்று என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு துளியும் இறங்காவிட்டால் காம்பும் கைடும் உரசித் தேய்ந்துவிடும். ஈரம் படும் அளவுக்கு விட்டு, மிகுந்ததை வழித்துத் தள்ளுவதே அதன் வேலை. அடி பம்பில் இருக்கும் தோல் வாசரை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வாசர் காய்ந்து விறைத்துப் போனால் பம்பு தண்ணீரைப் பிடித்து நிறுத்தாது. ரப்பரும் அப்படியே. ஆண்டுக் கணக்கான வெப்பத்தாலும், உரிய காலத்தில் மாற்றப்படாத பழைய எண்ணெயில் சேரும் அமிலங்களாலும் அது இறுகி, பிளாஸ்டிக்கைப் போல ஆகிவிடுகிறது. பிறகு காம்பைத் தழுவி நிற்க அதனால் முடிவதில்லை. முன்னாளில் பெரிதும் வழங்கிய நைட்ரைல் ரப்பரைவிட இன்று பல எஞ்சின்களில் வரும் ஃபுளோரின் கலந்த ரப்பர் வெப்பத்தை மிகுதியாகத் தாங்கும். ஆகவே ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு முன் இக்கோளாறு வருவது அரிது. ஒருமுறை எஞ்சின் தண்ணீரின்றிக் கொதித்துவிட்டாலோ, எந்த ரப்பராயினும் அதன் ஆயுள் குறைந்துவிடும்.

சரி, இறக்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் எஞ்சினுக்குக் காற்றுச் செல்லும் வழியைத் த்ராட்டில் என்ற தகடு ஏறக்குறைய அடைத்துவிடுகிறது. பிஸ்டன்களோ இறங்கி இறங்கிக் காற்றை உறிஞ்ச முயல்கின்றன. வெளியே காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம் என்றால், அப்பொழுது உட்குழாயில் சுமார் 300தான் இருக்கும். கியரில் இருந்தபடியே வண்டி மலைச்சரிவில் எஞ்சினை இழுத்துக்கொண்டு இறங்கும்போது இன்னும் குறையும். இந்த உறிஞ்சலுக்கு இறுகிப்போன சீல் ஈடு கொடுப்பதில்லை. காற்று வாயிலின் வால்வுக் காம்பு வழியே எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. இக்காலத்து எஞ்சின்களில் இறக்கத்தில் கணினி பெட்ரோலையே நிறுத்திவிடுவதால் அந்த எண்ணெய் உடனே எரிவதும் இல்லை, சேர்ந்துகொண்டே இருக்கிறது. சமவெளிக்கு வந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறோம். அவ்வளவும் ஒரே வேளையில் பற்றி எரிகிறது. லோனாவ்லா கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 620 மீட்டர் உயரத்தில் இருப்பது. அங்கிருந்து கோபோலி வரை இறங்கும் சாலையைவிட நல்ல பரிசோதனைக் கூடம் இதற்கு வேண்டியதில்லை.

மலை ஏறும்போது நிலைமை நேர்மாறு. த்ராட்டில் விரியத் திறந்திருப்பதால் உள்ளே உறிஞ்சலே இல்லை. சீல் கெட்டிருந்தாலும் அது வெளியே தெரியாது. பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சினோ ஏற்றத்தில்தான் தன் குறையைக் காட்டும். சுமை கூடக் கூடப் புகையும் கூடும், நிற்காமலும் வரும்.

காலைப் புகைக்கும் காரணம் இதுவே. இரவு முழுதும் நிற்கும் எஞ்சினில் மேலே தங்கிய எண்ணெய் கெட்ட சீல்களைத் தாண்டிச் சொட்டுச் சொட்டாக இறங்கி வால்வின் குடைமீது தேங்கும். விடிந்து ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை எழுந்து, அரை நிமிடத்தில் தெளிந்துவிடும். நகரத்தில் ஓட்டுபவர்களுக்கு மூன்றாவது அடையாளம் ஒன்று உண்டு. சிவப்பு விளக்கில் இரண்டு மூன்று நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பும்போது மட்டும் புகைவது.

இங்கே ஓர் எச்சரிக்கை. புகையெல்லாம் எண்ணெய்ப் புகையன்று. மதுரையிலிருந்தோ தஞ்சையிலிருந்தோ தில்லிக்கு வந்து முதல் மார்கழியைக் காணும் நம்மவர்கள், காலையில் வண்டியின் பின்னால் வெள்ளைப் புகை கட்டியாக வருவதைக் கண்டு திடுக்கிட்டுப் பட்டறைக்கு ஓடியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம் ஊர் வெயிலில் அது கண்ணுக்குத் தெரியாத ஆவியாகவே போய்விடும். ஐந்தாறு டிகிரிக் குளிரிலோ வெண்பனியாகத் திரண்டு தெரியும். எஞ்சின் சூடேறியதும் மறைந்துவிட்டால் அது கோளாறே அன்று. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நீடித்து, சற்று இனிப்பான வாடையும் வீசி, ரேடியேட்டரில் நீர் மட்டமும் குறைந்து வந்தால், ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். கரும்புகை பெட்ரோல் மிகுதியாலோ காற்றுக் குறைவாலோ வருவது. எண்ணெய்ப் புகைக்கு நீலச் சாயலும், கருகிய எண்ணெயின் காரமான வாடையும் உண்டு. காலை வெயிலில் கறுப்புச் சுவரையோ மரத்தடியையோ பின்புலமாக வைத்துப் பார்த்தால் நீலம் தெளிவாகத் தெரியும்.

பழைய ஸ்கூட்டர்களோடு வளர்ந்தவர்களுக்கு நீலப் புகை பழகிப் போன ஒன்று. அக்காலத்து டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்தே எரித்தார்கள். அவற்றில் இத்தகைய வால்வும் கிடையாது, சீலும் கிடையாது. அந்த நினைவில், இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளின் நீலப் புகையையும் 'சைக்கிள் என்றால் புகையத்தானே செய்யும்' என்று விட்டுவிடுவோர் இன்னும் இருக்கிறார்கள். இது ஆபத்தானது. சிறிய மோட்டார் சைக்கிளின் எஞ்சினில் இருக்கும் எண்ணெயே ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். அதில் முந்நூறு மில்லி போய்விட்டால் மிச்சம் என்ன?

நம் நெல்லை அன்பரின் வண்டிக்குத் திரும்புவோம். அவர் சொன்ன அடையாளம் வால்வு சீலைக் காட்டியது உண்மைதான். எனினும் அடையாளத்தை மட்டும் நம்பிக் கைவைப்பது தவறு. முதலில் செலவில்லாதவற்றைப் பார்த்தோம். எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கிறதா? இல்லை. எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் ஆவியை உறிஞ்சிக் காற்று வழியில் சேர்க்கும் மூச்சுக் குழாயும், அதிலுள்ள சிறு வால்வும் பிசினடைந்து கெட்டால், அதுவே எண்ணெயை உள்ளே தள்ளி, சீல் கெட்டது போன்ற தோற்றத்தைத் தரும். அதைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கலகலவென்று ஓசை வர வேண்டும். வந்தது. எண்ணெய் ஊற்றும் மூடியை எஞ்சின் ஓடும்போதே திறந்து பார்த்தோம். ரிங் தேய்ந்திருந்தால் அவ்வழியே ஆவி குபுகுபுவென்று துடிப்போடு வரும். அப்படி ஒன்றும் இல்லை.

அடுத்தது கம்ப்ரெஷன் பரிசோதனை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளையில் ஓர் அழுத்தமானியைச் செருகி, ஸ்டார்ட்டரைச் சுழற்றி அளப்பது. இதற்கு அரைமணி நேரம் போதும். 'ஃபுல் எஞ்சின்' என்று யார் சொன்னாலும் 'பஹலே கம்ப்ரெஷன் செக் கரோ' என்ற நான்கு சொற்களை மட்டும் நம்மவர் தயங்காமல் சொல்லப் பழக வேண்டும். நான்கு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று பத்தில் ஒரு பங்குக்குமேல் வேறுபடாமல் இருந்தால் நல்லது. ஒன்று குறைந்து நின்றால், அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்தது. ஏறாவிட்டால் வால்வின் குடை சரியாகப் பொருந்தவில்லை அல்லது கேஸ்கெட் போயிற்று. வால்வு சீல் மட்டும் கெட்டிருந்தால் அழுத்தம் குறையாது. அன்பரின் வண்டியில் நான்கும் 168 முதல் 175 பவுண்டுக்குள் நின்றன. பிளக்குகளில் இரண்டு உலர்ந்து பழுப்பாகவும், இரண்டு எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்தும் இருந்தன.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கம்ப்ரெஷன் சரியாக இருப்பது ரிங் முழுவதும் நல்ல நிலையில் உள்ளதென்பதற்கு முடிந்த முடிபான சாட்சியன்று. பிஸ்டனில் உள்ள மூன்று வளையங்களில் மேலிரண்டே அழுத்தத்தைத் தாங்குபவை. மூன்றாவது, சிலிண்டர்ச் சுவரிலிருந்து எண்ணெயை வழிப்பது. அது கரிபிடித்து ஒட்டிக்கொண்டாலும் மானி சரியான அளவையே காட்டும். இறக்கத்தில் புகையவும் கூடும். ஆனால் அவ்வாறாயின் புகை ஏற்றத்திலும் சமவெளியிலும் விடாமல் தொடரும். ஆகவேதான் 'எப்பொழுது' என்ற கேள்வியையும் மானியையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்கிறேன். டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சொல்: டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப்போலக் காற்று வழியை அடைத்து ஓட்டும் முறை இல்லாததால் உறிஞ்சல் குறைவு. அங்கே நீலப் புகை கண்டால் முதல் சந்தேகம் டர்போவின் மேல் விழ வேண்டும்.

சீலை மாற்றும் வேலை பெரிதன்று, ஆனால் நுட்பமானது. ஹெட்டைக் கழற்றாமலேயே பல எஞ்சின்களில் செய்யலாம். டேப்பெட் கவரைத் திறந்து, கேம் தண்டு மேலே இருக்கும் எஞ்சினாயின், டைமிங் செயினின் அடையாளங்களைக் குறித்துக்கொண்டு அத்தண்டை எடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வால்வின் ஸ்பிரிங்கையும் கருவி கொண்டு அழுத்தி, காம்பைப் பிடித்திருக்கும் இரண்டு சிறிய லாக்குகளை எடுத்துவிட்டால் ஸ்பிரிங் விடுபடும். அந்நேரத்தில் வால்வைத் தாங்க எதுவும் இல்லாவிடில் அது சிலிண்டருக்குள் விழுந்துவிடும். பிறகு ஹெட்டைக் கழற்றாமல் எடுக்க வழியில்லை. ஆதலால் பிளக் துளை வழியே அமுக்கிய காற்றைச் செலுத்தி வால்வை மேலே தள்ளிப் பிடிப்பார்கள். காற்று எந்திரம் இல்லாத சிறு பட்டறைகளில், மெல்லிய சுத்தமான நூற்கயிற்றை அத்துளை வழியே உள்ளே திணித்து, அது பஞ்சணைபோல் வால்வைத் தாங்கும்வரை பிஸ்டனைக் கையால் மேலேற்றும் பழைய உத்தி இன்னும் உண்டு. பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் மிக நல்ல முறை. காற்றை நம்புகிறவர்கள் கிராங்க் திடீரென்று சுழன்றுவிடாதபடி கட்டி வைக்க வேண்டும். எண்ணெய் இறங்கும் துளைகளையெல்லாம் துணியால் அடைத்துவிட்டுத்தான் லாக்கைத் தொட வேண்டும். நெல்மணியைவிடச் சற்றே பெரிய அந்த லாக் உள்ளே விழுந்துவிட்டால் வேலை இரட்டிப்பாகும்.

பழைய சீலைப் பிடுங்கிக் கையில் வாங்கிப் பாருங்கள். நல்ல சீல் விரலால் அழுத்தினால் வளைந்து மீளும். கெட்டது நகத்தால் கீறினாலும் கீறல் விழாமல் எலும்புபோல் இருக்கும், சில வேளை இரண்டாகவே உடையும். புதியதை மாட்டுமுன் ஒரு காரியம் கட்டாயம் செய்ய வேண்டும். வால்வின் காம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். கைடு தேய்ந்து காம்பு தளர்ந்து ஆடினால், எவ்வளவு உயர்ந்த சீலைப் போட்டாலும் அது நிலைக்காது. ஆடும் காம்பு அதன் உதட்டை ஒரு பக்கமாகவே தின்றுவிடும். அப்பொழுது ஹெட்டை இறக்கிக் கைடை மாற்றுவதுதான் நேர்மையான வழி. இதைச் சொல்லாமல் சீலை மட்டும் மாட்டி அனுப்பிவிட்டு, மூன்று மாதத்தில் மறுபடி புகை வரும்போது 'முன்பே எஞ்சினைப் பிரிக்கச் சொன்னேனே' என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

கைடு நன்றாக இருந்தால் காம்பில் எண்ணெய் பூசி, அதன் நுனியில் உள்ள கூரிய பள்ளம் புதிய உதட்டைக் கிழிக்காதபடி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையை மாட்டி, அதன்மேல் சீலை வழுக்கி இறக்கி, கைடின் தலையில் அமரும்வரை நேராக அழுத்த வேண்டும். சுத்தியலால் கண்டபடி தட்டக் கூடாது. காற்று வாயிலுக்கும் புகை வாயிலுக்கும் சீல்கள் வேறு வேறாக இருக்கலாம். நிறத்தால் பிரித்துக் காட்டியிருப்பார்கள், மாற்றிப் போட்டுவிடக் கூடாது. கடைசியாக டேப்பெட் இடைவெளியைச் சரிபார்த்து, கவருக்குப் புதிய கேஸ்கெட் போட்டு மூட வேண்டும்.

இவ்வேலைக்குப் பதிலாகக் கெட்டியான எண்ணெயை ஊற்றுங்கள் என்றும், ரப்பரை இளக்கும் மருந்து ஒரு குப்பி கலந்தால் போதும் என்றும் யோசனை சொல்வார்கள். மருந்து, சிறிது இறுகிய ரப்பரைச் சில மாதம் இளக்கி வைப்பது உண்டு. உதடு தேய்ந்தோ வெடித்தோ போயிருந்தால் அதனால் ஒன்றும் ஆகாது. கெட்டி எண்ணெய் குளிர்காலக் காலையில் மேலே ஏறிச் சேர நேரமாகும். ஒரு நோயைத் தணிக்க மற்றொன்றை வரவழைப்பதே அது.

மாற்றாமலே ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். காலையில் மட்டும் சிறிது புகைத்து, மாதத்துக்குக் கால் லிட்டர் எண்ணெய் கேட்கும் வண்டியை, வாரம் ஒருமுறை கோலை உருவிப் பார்த்து நிரப்பிக்கொண்டு கொஞ்ச காலம் ஓட்டலாம். வானம் இடிந்து விழாது. 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை எண்ணெய் குறைவதைச் சில வெளிநாட்டு நிறுவனங்களின் கையேடுகளே அனுமதிக்கின்றன. அரை லிட்டர் என்றால் சுமார் பத்தாயிரம் துளி. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஏறத்தாழ ஐயாயிரம் முறை காற்றை உறிஞ்சுகிறது. கணக்குப் பார்த்தால், ஐந்நூறு உறிஞ்சலுக்கு ஒரு துளி. இவ்வளவு சிறிய ஒழுக்கே புகையாகக் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் எண்ணெயில் கலந்துள்ள பாஸ்பரஸும் துத்தநாகமும் எரிந்து, சைலன்சர் வழியில் உள்ள புகை சுத்திகரிப்பானில் படிந்து, பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசிய அதன் பரப்பை நாளடைவில் மூடிவிடும். 2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் இச்சுத்திகரிப்பானின் விலையோடு ஒப்பிட்டால் சீல் மாற்றும் கூலி ஒரு பொருட்டாகாது.

பரிசோதனை எதுவாயினும் மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விட்டுச் செய்யக் கூடாது. வடநாட்டுக் குளிரில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யும் வழக்கம் உண்டு. புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயக்கம் வருமுன் அது நம்மை எச்சரிப்பதும் இல்லை.

அன்பரின் வண்டிக்குப் பதினாறு சீல்களும் வேறொரு பட்டறையில் ஒன்றரை நாளில் மாற்றப்பட்டன. கைடுகள் ஆடவில்லை. சீல்களின் விலை சில நூறு ரூபாய்தான். கூலி, கேஸ்கெட், புதிய எண்ணெய் எல்லாம் சேர்ந்தும் முதலில் சொல்லப்பட்ட தொகையில் ஆறில் ஒரு பங்கு ஆகவில்லை. மறுநாளே அவர் தொலைபேசியில் பதற்றத்தோடு கூப்பிட்டார். 'அண்ணாச்சி, இன்னமும் புகையுதே!' சைலன்சருக்குள் முன்பே படிந்திருந்த பழைய எண்ணெய் எரிந்து தீர வேண்டாமா? நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடட்டும், பிறகு பாருங்கள் என்றேன். அடுத்த வாரம் புணே சென்று திரும்புகையில், கண்டாலா இறக்கம் முடிந்த இடத்தில் மகனைப் பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லி ஆக்ஸிலரேட்டரை மிதித்திருக்கிறார். பையன் ஒன்றும் தெரியவில்லை என்றானாம். இப்பொழுது ஒவ்வொரு 500 கிலோமீட்டருக்கும் சமதரையில் வண்டியை நிறுத்தி, காலை வேளையில் கோலைத் துடைத்துச் செருகிப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதி வருகிறார். கடைசியாகக் கேட்டபோது 1500 கிலோமீட்டருக்கு ஓர் அரிசியின் அகலம் இறங்கியிருப்பதாகச் சொன்னார்.